விளையாட்டுப் படங்களும் அவற்றின் அளவும்

விளையாட்டு விழா முடிந்த மறுநாள், காலை மணி அடிப்பதற்கு முன்பே பள்ளியில் ஒரு கேள்வி சுற்றி வரும்: "படம் எப்போது வரும்?" முன்னாளில் இதற்கு விடை கிடைக்க ஆண்டு மலர் அச்சாகி வரும்வரை காத்திருக்க வேண்டும். இன்று பள்ளியின் இணையதளத்தில் அன்று மாலையே படங்களை எதிர்பார்க்கிறார்கள். எதிர்பார்ப்பதிலும் நியாயம் உண்டு. தென்காசிப் பக்கத்திலிருந்து பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்கும் கேரளத்துக்கும் சென்றிருக்கும் தந்தையர் பலர். மகள் தொடர் ஓட்டத்தில் ஓடியதை அவர்கள் கைப்பேசித் திரையில் மட்டுமே காணமுடியும். அந்தப் படம் திறக்கவே மாட்டேன் என்று சுற்றிக்கொண்டிருந்தாலும், திறந்த பிறகு மகள் எங்கே நிற்கிறாள் என்று தேட வேண்டியிருந்தாலும், படம் எடுத்தவரின் உழைப்பு வீண்தான்.

படத்தைச் சிறிதாக்கியே இணையதளத்தில் வைக்க வேண்டும். ஆனால் படம் சிறிதாகும்போது அதிலுள்ள பிள்ளை சிறியவளாகிவிடக் கூடாது. இதை எப்படிச் செய்வது என்பதையே இங்கு சொல்ல வருகிறேன்.

இது ஏதோ புதிய வேலை என்று மாணவிகள் எண்ண வேண்டாம். 1970-களில் பள்ளி மலருக்குப் படம் போட வேண்டுமானால் முதலில் "பிளாக்" செய்ய வேண்டும். பிளாக்கின் கூலி சதுர அங்குலக் கணக்கு. எனவே மலரின் பொறுப்பாசிரியை புகைப்படத்தின்மேல் மெல்லிய தாளை வைத்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று பென்சிலால் கோடு போட்டு, எத்தனை அங்குல அகலம் என்று எழுதி அனுப்புவார். பிளாக் செய்கிறவர் அந்தப் படத்தைச் சிறு சிறு புள்ளிகளாகப் பிரிப்பார். செய்தித்தாளின் முரட்டுக் காகிதத்துக்கு அங்குலத்துக்கு 65 வரிசைப் புள்ளிகள்; வழவழப்பான ஆர்ட் தாளுக்கு நூற்றுக்கும் மேல். பழைய மலர் ஒன்றைப் பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள், புள்ளிகள் தெரியும். இன்று பிக்சல் என்கிறோமே, அதுவும் புள்ளிதான். பிளாக்குக்குக் கூலி கொடுத்த காலத்தில் ஒவ்வொரு அங்குலமும் யோசித்து வெட்டப்பட்டது. இன்று வெட்டுவதற்குக் காசில்லை. அதனாலேயே யாரும் யோசிப்பதில்லை என்பது என் கருத்து.

ஒரு கணக்குப் போடுவோம். இன்றைய கேமரா ஒன்று எடுக்கும் படம் சாதாரணமாக 6000 பிக்சல் அகலம், 4000 பிக்சல் உயரம் இருக்கும். பெருக்கினால் 2 கோடியே 40 லட்சம் புள்ளிகள். திரையில் பார்ப்பதற்கு 1200 பிக்சல் அகலமும் 800 உயரமும் போதும். அதில் 9 லட்சத்து 60 ஆயிரம் புள்ளிகள்தாம். பெரிய படத்தில் இருபத்தைந்தில் ஒரு பங்கு. கோப்பின் கனமும் அதற்கேற்பக் குறையும். பெரிய படம் 8 மெகாபைட் என்று வைத்துக்கொண்டால், விழாவின் 40 படங்களும் சேர்ந்து 320 மெகாபைட். விநாடிக்கு 2 மெகாபிட் வேகமுள்ள இணைப்பில் அவை முழுதும் இறங்க 21 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதே 40 படங்களையும் ஒவ்வொன்றும் 200 கிலோபைட்டாகச் சுருக்கினால் அரை நிமிடத்தில் இறங்கிவிடும். மேலகரத்திலோ இலஞ்சியிலோ மாத டேட்டாவை அளந்து செலவழிக்கும் ஒரு தாய்க்கு இந்த வேறுபாடு காசுக் கணக்கும்கூட.

சரி, எல்லாப் படங்களையும் 1200 ஆக்கிவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. இங்கேதான் பலரும் தவறிவிடுகிறார்கள். விளையாட்டுப் படத்தைத் தொலைவிலிருந்தே எடுக்கிறோம். மைதானத்துக்குள் நுழைந்து எடுக்க உடற்கல்வி ஆசிரியை விடமாட்டார், விடவும் கூடாது. ஆகவே 6000 பிக்சல் அகலமுள்ள படத்தில் ஓடுகிற பெண் பத்தில் ஒரு பங்கு, அதாவது 600 பிக்சல் அகலம்தான் இருப்பாள். மீதி எல்லாம் வானம், புல், சுண்ணாம்புக் கோடு, பந்தல். இதை அப்படியே 1200-க்குச் சுருக்கினால் அவள் 120 பிக்சல். ஏழு சென்டிமீட்டர் அகலமுள்ள கைப்பேசித் திரையில் அவள் ஏழு மில்லிமீட்டர். ஒரு கொண்டைக்கடலை அளவு. முதலில் அவளைச் சுற்றி 2400-க்கு 1600 என்று வெட்டி எடுத்துப் பிறகு 1200-க்குச் சுருக்கிப் பாருங்கள். இப்போது அவள் 300 பிக்சல். திரையில் கால் பங்கு. முகத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடுவதுகூடத் தெரியும். கோப்பின் கனம் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒன்றே. ஆகவே முதலில் வெட்டு, பிறகு சுருக்கு. இந்த வரிசை மாறவே கூடாது.

வெட்டுவதிலும் விளையாட்டை அறிந்தவர் வெட்டுவதற்கும் அறியாதவர் வெட்டுவதற்கும் வேறுபாடு உண்டு. ஓடுகிறவளுக்கு முன்னால் இடம் விடவேண்டும். முகத்தை ஒட்டி வெட்டினால் சுவரில் மோதப் போகிறவள்போல் தெரிவாள். உயரம் தாண்டுதலில் குறுக்குக் கம்பி இல்லாவிட்டால் பிள்ளை ஏன் அந்தரத்தில் மல்லாந்து கிடக்கிறாள் என்று பார்ப்பவர் திகைப்பார். அந்தப் படத்தை நீளவாக்கில் வெட்டக் கூடாது, நெட்டையாக வெட்ட வேண்டும். தொடர் ஓட்டத்தில் கோல் கைமாறும் நேரமானால் இரண்டு கைகளும் படத்துக்குள் இருக்க வேண்டும். கோகோவில் கம்பம், எறிபந்தில் வலை. கபடியில் நடுக்கோடு முக்கியம். பாடி வந்தவளின் கை கோட்டைத் தொட்டதா என்பதில்தான் ஆட்டமே இருக்கிறது. கோட்டை வெட்டிவிட்டு நாலு பேர் ஒருத்தியைப் பிடித்து இழுப்பதை மட்டும் போட்டால், பார்ப்பவர் சண்டை என்று நினைப்பார்.

வெட்டு ஒரு படத்தின் பொருளையே மாற்றிவிடும் என்பதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 1967 ஏப்ரல் 19 அன்று அமெரிக்காவின் பாஸ்டன் நகர மாரத்தான் ஓட்டத்தில் 261 என்ற எண்ணைக் குத்திக்கொண்டு காத்ரின் ஸ்விட்சர் என்ற இளம்பெண் ஓடினார். அக்காலத்தில் அந்த ஓட்டம் ஆண்களுக்கே உரியதாக இருந்தது. ஓட்டத்தை நடத்திய அதிகாரிகளுள் ஒருவர் பாய்ந்து வந்து அவருடைய எண்ணைப் பிடுங்க முயன்றார். பத்திரிகைக்காரர்கள் அதைப் படமெடுத்தார்கள்; படம் உலகெங்கும் பரவியது. ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு, 1972-இல், பெண்கள் அந்த ஓட்டத்தில் முறைப்படி சேர்த்துக்கொள்ளப்பட்டார்கள். அந்தப் படத்தில் ஸ்விட்சரை மட்டும் அழகாக வெட்டி எடுத்திருந்தால் என்னவாகியிருக்கும்? ஒரு பெண் ஓடுகிறாள், அவ்வளவுதான். பிடுங்க வந்த அந்தக் கை ஓரத்தில் இருந்ததால்தான் அது வரலாறாயிற்று. எனவே ஓரத்தில் இருப்பதெல்லாம் குப்பை என்று வெட்டித் தள்ளிவிடாதீர்கள். கடைசியாக ஓடி வருகிறவளும், எல்லைக்கோட்டில் தண்ணீர் வைத்துக்கொண்டு நிற்கிற தோழியும் பல வேளைகளில் ஓரத்தில்தான் இருப்பார்கள். எல்லாப் படங்களையும் முதலிடம் பெற்றவளைச் சுற்றியே வெட்டினால் நம் பள்ளியில் நாலைந்து பேர்தான் ஓடினார்கள் என்று தோன்றிவிடும்.

அளவு மாற்றும்போது அகலத்தையும் உயரத்தையும் ஒரே விகிதத்தில் மாற்ற வேண்டும். கணிப்பொறியில் இரண்டையும் பிணைக்கும் சங்கிலிக் குறி ஒன்று இருக்கும்; அதை அவிழ்த்துவிடக் கூடாது. அவிழ்த்துவிட்டு, இருக்கிற கட்டத்துக்குள் படத்தை இழுத்துப் பொருத்துபவர்கள் இருக்கிறார்கள். ஒல்லியான பிள்ளை ஒரே இரவில் குண்டாகிவிடுவாள். வீட்டில் சிரிப்பார்கள், அவள் சிரிக்கமாட்டாள்.

ஒருவகைப் படத்தில் மட்டும் அகலம் என்பது இடமே அன்று, காலம். ஓட்டப் பந்தயத்தின் முடிவுக்கோட்டில் வைக்கும் கேமராவைச் சொல்கிறேன். அது ஒரு மெல்லிய கீற்றின் வழியாக முடிவுக்கோட்டை மட்டுமே பார்க்கிறது. அந்தக் கோட்டில் நொடிக்கு நொடி நடப்பதைக் கீற்றுக் கீற்றாக எடுத்து அடுக்கி ஒரு படமாக்குகிறது. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பயன்பட்ட கருவி விநாடிக்கு 40,000 கீற்றுகள் வரை எடுத்தது. முன்னாளில் இதே வேலையைப் பிலிம் சுருள் செய்தது. 1984 ஆகஸ்ட் 8 அன்று லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் மகளிர் 400 மீட்டர் தடை ஓட்டத்தில் நம் பி. டி. உஷா 55.42 விநாடியில் வந்தார். ருமேனியாவின் கிறிஸ்டியானா கோஜோகாரு 55.41. நூற்றில் ஒரு விநாடியில் வெண்கலம் போயிற்று. கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாத அந்த வேறுபாட்டைச் சொன்னது அந்த முடிவுக்கோட்டுப் படம். தலையும் கையும் கணக்கில் வாரா. உடற்பகுதி கோட்டைத் தொடுவதே கணக்கு. அத்தகைய படத்தை அரை அங்குலம் இழுத்து நீட்டினால் நீட்டியது காலத்தையே ஆகும். நம் பள்ளியில் அந்தக் கருவி இல்லை. ஆயினும் முடிவுக்கோட்டில் நாம் எடுக்கும் சாதாரணப் படத்தையும் நாளை ஒருவர் சான்றாகக் காட்டக்கூடும். கோட்டருகே எடுத்த படத்தில் இடையில் நின்ற நடுவரை அழித்துவிட்டு அவ்விடத்தைக் கணிப்பொறியே கற்பனை செய்து நிரப்பும் வசதி இப்போது கைப்பேசியிலேயே வந்துவிட்டது. அதை விளையாட்டுப் படத்தில் தொடவே கூடாது. மங்கலான முகத்தைத் தெளிவாக்கித் தருகிறேன் என்று சொல்லும் கருவிகளும் இதே இனம்தான். அவை இல்லாத கண்ணையும் மூக்கையும் புதிதாக வரைந்து வைக்கின்றன. அது நம் பிள்ளையின் முகம் அன்று.

இனி வெளிச்சம். குறுவட்டப் போட்டிகள் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் வருகின்றன. அதுவே குற்றாலச் சீசன். அருவியில் கூட்டம் குளித்துக்கொண்டிருக்க, தென்காசி மைதானத்தில் காற்றோடு சாரல் வீசும். வெயில் எட்டிப் பார்த்து மறையும். குளிக்கப் போகிறவர்களுக்கு இன்பம், படமெடுப்பவருக்குச் சோதனை. மேகம் மூடிய வெளிச்சத்தில் படத்தில் நீலம் படரும். கேமரா வேகமும் குறைந்துவிடும். நூறு மீட்டரை 14 விநாடியில் ஓடுகிற பெண் ஒரு விநாடியில் ஏழு மீட்டர் கடக்கிறாள். கேமராவின் வேகம் விநாடியில் அறுபதில் ஒரு பங்கானால் அதற்குள் அவள் 12 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவாள். படம் இழுத்துவிட்ட கோலம்போல் இருக்கும். ஆயிரத்தில் ஒரு பங்கானால் ஏழு மில்லிமீட்டர்தான். ஆகவே சாரல் நாளில் படம் சற்றுப் புள்ளி புள்ளியாக இருந்தாலும் பாதகமில்லை என்று ஒளியுணர்வைக் கூட்டி, வேகத்தைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள். சுருக்கும்போது அந்தப் புள்ளிகள் பெரும்பாலும் மறைந்துவிடும். இழுபட்ட படத்தை மட்டும் எந்தக் கணிப்பொறியாலும் உள்ளபடி மீட்க முடியாது. லென்சில் படியும் சாரலைச் சேலை முந்தானையாலோ துப்பட்டாவாலோ துடைக்காமல் உலர்ந்த மெல்லிய பருத்தித் துணியால் துடைக்க வேண்டும்.

வெளிச்சத்தைத் திருத்தும்போது நிறத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். வெள்ளைச் சீருடையை அளந்து பார்க்கும் கேமரா, வெளிச்சம் அதிகம் என்று கருதிப் படத்தை இருட்டாக்கிவிடும். முகங்கள் கறுத்துப் போகும். அப்போது படம் முழுவதையும் வெளுக்க வைத்தால் சீருடையின் மடிப்புகூடத் தெரியாமல் வெற்று வெள்ளையாகும். இடைப்பட்ட நிழல்களை மட்டும் சற்று உயர்த்தினால் முகம் தெளியும், சீருடையும் பிழைக்கும். இது திருத்தம். ஆனால் கைப்பேசியிலுள்ள "அழகு" பொத்தானை அழுத்தி எல்லாப் பிள்ளைகளையும் வெளுப்பாக்குவது வேறு. படக்கருவிகளுக்கு இந்தப் பழக்கம் பழையது. கோடாக் நிறுவனத்தின் வண்ணப் பிலிம்களைக் கழுவிய கூடங்களில் நெடுங்காலம் ஒரு வெள்ளைக்காரப் பெண்ணின் படத்தை வைத்துத்தான் நிறத்தைச் சரிபார்த்தார்கள். கறுத்த முகங்கள் அதில் சரியாக விழவில்லை. அந்தக் குறையை நாமே விரும்பித் திரும்பக் கொண்டுவருவானேன்? வெயிலில் பயிற்சி செய்து பரிசு வாங்கிய பிள்ளைக்கு அவளுடைய நிறம் படத்தில் இருக்கட்டும்.

வெட்டி, வெளிச்சம் திருத்தி, 1200-க்குச் சுருக்கியாயிற்று. சுருக்கியபின் படம் சற்று மழுங்கியிருக்கும். கூர்மையாக்கும் வசதியைக் கடைசியில் ஒரே ஒரு முறை, இலேசாகப் பயன்படுத்துங்கள். மிகுந்தால் ஓரங்களில் வெள்ளைக் கோடு விழும். பிறகு ஜேபெக் முறையில் சேமிக்க வேண்டும். 1992-இல் தரப்படுத்தப்பட்ட இம்முறை, படத்தை எட்டுக்கு எட்டுப் புள்ளிகள் கொண்ட கட்டங்களாகப் பிரித்து, கண் கவனிக்காத நுணுக்கங்களை விட்டுவிடுகிறது. விட்டது திரும்ப வராது. ஒருமுறை சேமித்த சிறு படத்தையே மறுபடி திறந்து, திருத்தி, மறுபடி சேமித்தால், ஒரே காப்பித்தூளில் இரண்டாம் முறை, மூன்றாம் முறை இறக்கிய டிகாஷன்தான். எப்போதும் மூலப் படத்திலிருந்தே தொடங்குங்கள். தரம் நூற்றுக்கு எண்பது என்று வைத்தால் கண்ணுக்குக் குறை தெரியாது, கனமும் இறங்கும். இவ்வளவும் செய்ய விலை கொடுத்து மென்பொருள் வாங்க வேண்டியதில்லை. ஜிம்ப் என்ற இலவச மென்பொருளில் எல்லாம் உண்டு. படங்களை வாட்ஸாப்பில் வாங்குகிறவர்கள் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணமாக அனுப்பினால் அது தானே சுருக்கிவிடும், பிறகு நாம் வெட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சாது.

பெற்றோரும் அருட்சகோதரியரும் முதலில் கேட்கும் கேள்விக்கு இப்போது வருகிறேன். பெண்பிள்ளைகளின் படத்தை ஊர் பார்க்கப் போடலாமா? கவலை வீணானதன்று. ஒரு தெளிவான முகம் கிடைத்தால் போதும், அதைக் கொண்டு பொய்ப்படம் உண்டாக்கும் கருவிகள் இன்று எவர் கைக்கும் எட்டுகின்றன. அதற்காகப் படமே வேண்டாம் என்று கதவை அடைத்தால் நம் பிள்ளைகள் ஓடியதற்கும் தாண்டியதற்கும் அடையாளமே இல்லாமற் போகும். ஆண்பிள்ளைகளின் படம் மட்டும் ஊரெங்கும் இருக்கும். இதற்கு நடுவழி உண்டு. அதில் பாதி அளவிலேயே அடங்கியிருக்கிறது. 6000 பிக்சல் மூலப்படத்தை அப்படியே வைத்தால், பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் முகத்தைக்கூட 240 பிக்சல் அகலத்துக்கு ஒருவர் வெட்டி எடுக்கலாம். அதே படம் 1200 ஆனால் அந்த முகம் 48 பிக்சல். அதைப் பெரிதாக்கினால் கட்டங்கள்தாம் தெரியும். எனவே மூலப்படம் இணையதளத்துக்குப் போகவே கூடாது.

இன்னொன்று, கோப்புக்குள் மறைந்திருப்பது. எக்ஸிஃப் என்ற பெயரில் எடுத்த நாள், மணி, கேமரா வகை ஆகியவை படத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கைப்பேசியில் எடுத்திருந்தால் எடுத்த இடமும் ஜிபிஎஸ் கணக்கில் பதிந்திருக்கலாம். சேமிக்கும்போது அதை நீக்கும் குறி உண்டு, நீக்கிவிடுங்கள். படத்தின் கீழே முகம், முழுப்பெயர், வகுப்பு, ஊர் நான்கையும் சேர்த்து எழுதவேண்டாம். "பத்தாம் வகுப்பு மாணவியர், தொடர் ஓட்டம்" என்றால் உறவினர்க்கு விளங்கும், அயலாருக்கு அவ்வளவு போதும். 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயது நிறையாதவரைக் குழந்தை என்றே கருதி, குழந்தையின் தகவலைக் கையாளப் பெற்றோரின் இசைவு வேண்டும் என்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் சேர்க்கைப் படிவத்தோடு ஓர் இசைவுத் தாளும் வாங்கிவிடுவது நல்லது. பெற்றோரின் கையெழுத்து மட்டும் போதுமா என்றால், போதாது என்பேன். விளையாட்டில் குனிவதும் விழுவதும் உடை கலைவதும் இயல்பு. கோணம் சரியில்லாத படம் நல்ல படமானாலும் விலக்கத்தக்கதே. விழுந்து எழுந்து ஓடிய படத்தை ஒருத்தி பெருமையாகக் கருதுவாள், மற்றொருத்தி அழுவாள். அவளிடமே காட்டிக் கேட்பதற்கு இரண்டு நிமிடம்தான் ஆகும்.

படத்தோடு மறைவாக ஒரு வரி விளக்கம் எழுதும் இடம் இணையதளத்தில் இருக்கிறது. கண் தெரியாதவர்களுக்காகக் கணிப்பொறி அதை வாய்விட்டுப் படிக்கும். "படம் 14" என்று எழுதாமல், "நீலச் சட்டை அணிந்த மாணவி கம்பியைத் தொடாமல் தாண்டுகிறாள்" என்று எழுதுங்கள்.

மூலப்படங்களைச் சுருக்கிய பின் அழித்துவிடுகிறவர்களும் உண்டு. அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளிகள் தேவை. 1200 பிக்சல் படம் தாளில் நான்கு அங்குலத்துக்குமேல் தாங்காது. மலரின் ஏழு அங்குலப் பக்கத்துக்கு 2100 பிக்சல் வேண்டும். எனவே மூலம் ஒரு தனி உறையில், சுருக்கியது வேறொரு உறையில் இருக்கட்டும். கேமரா கொடுக்கும் எண்ணை விட்டுவிட்டு ஆண்டு, போட்டி, வரிசை எண் என்று பெயரிடுங்கள். 2025-தொடர் ஓட்டம்-07 என்றால் எவரும் தேடி எடுக்கலாம். மூலங்களை இரண்டு வன்தட்டுகளில் பதிந்து, ஒன்றைக் கணிப்பொறி அறையிலும் மற்றொன்றை அலுவலகத்தின் இரும்பு அலமாரியிலும் வையுங்கள்.